ஜப்பான் அண்ணையின் இடது கை

கனடாவில் நான் முதன்முதலாக அணிந்த வெள்ளைக் கோட்டின் பையில் வேறொருவருடைய பெயர் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. ஸ்காபரோவில் பழைய உடுப்பு விற்கும் கடையொன்றில், இறைச்சிக் கடைக்காரர்களும் பல் வைத்தியர்களும் கழித்துவிட்ட கோட்டுகள் ஒரே கம்பியில் தொங்கின. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியவில்லை. அளவாக இருந்த ஒன்றை எடுத்து வந்து, பெயர் எழுதிய நூலைச் சவர அலகால் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தேன். நூல் போனாலும் ஊசித் துளைகள் போகவில்லை. உற்றுப் பார்த்தால் அந்தப் பெயரை இன்னும் வாசிக்கலாம். மனைவி கோட்டைத் தோய்த்து அயன் பண்ணித் தந்தாள். தரும்போது, "டொக்டர் ஒராள் டொக்டர் வேஷம் போடப் போறார். ஊரிலை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கொலர் மடிப்பை அவள் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்ததைப் பார்த்தபடிதான் நின்றேன்.

யாழ்ப்பாணத்தில் நான் உண்மையான டொக்டர். படித்து முடித்த கையோடு யுத்தமும் முற்றிவிட்டதால், மற்ற நாட்டு டொக்டர்மார் வாழ்நாள் முழுக்கக் காணாத காயங்களை நான் இரண்டொரு வருடத்திலேயே கண்டுவிட்டேன். கரண்ட் இல்லாத ஆஸ்பத்திரி வாட்டில் லாம்பு வெளிச்சத்தில் தையல் போட்டிருக்கிறேன். ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது அந்தப் படிப்பும் கைப்பழக்கமும் விமான நிலையத்தோடு நின்றுவிட்டன. இங்கே வைத்தியம் செய்வதென்றால் அடுக்கடுக்காகப் பரீட்சைகள்; பிறகு வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று ஒதுக்கிய, விரல்விட்டு எண்ணக்கூடிய பயிற்சி இடங்களில் ஒன்று; அதற்கு ஒரு நேர்முகம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் பரீட்சைகளைத் தாண்டிவிட்டு நேர்முகத்துக்கான கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றுப்பாட்டுக்கு, குளியலறைக் குழாய்களைப் பெட்டியில் அடுக்கும் ஒரு வேர்ஹவுசில் வேலை. ஊரில் என்ன செய்தாய் என்று அங்கே யாராவது கேட்டால் ஆரம்பத்தில் உள்ளதைச் சொல்வேன். கேட்டவர்கள் ஒன்றில் நம்பமாட்டார்கள், இல்லாவிட்டால் பாவம் பார்ப்பார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. பிறகு, கடை வைத்திருந்தேன் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

மனைவியின் தம்பி, என் மச்சான், வார இறுதிகளில் ஒரு மல்யுத்தக் குழுவின் லொறி ஓட்டினான். பெரிய தொலைக்காட்சிக் குழு அல்ல. சமூக மண்டபம், ஐஸ் சறுக்கும் அரங்கம், பள்ளிக்கூட ஜிம் என்று கிடைத்த இடத்தில் கோதாவைப் பூட்டி, ஆட்டம் காட்டி, கழற்றிக்கொண்டு வருகிற சிறிய குழு. அதன் முதலாளி ஒரு காலத்தில் தானும் மல்யுத்தம் செய்து, காது இரண்டும் பொரித்த அப்பளம் போலச் சுருண்டுபோன மனிதர். கோதாப் பக்கத்தில் டொக்டராக உட்கார, கண்ணாடி போட்ட, அடி வாங்கினால் சனம் ஐயோ பாவம் என்று சொல்லக்கூடிய ஒரு ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. மச்சான் என்னைக் காட்டினான். வேர்ஹவுசில் வேலை செய்யும் அத்தான் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். கைச்செலவுக்கு உதவும் என்று மனைவியிடம் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். உண்மையில், ஊரிலிருந்து கொண்டுவந்து துணிப் பெட்டிக்குள் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போடுவதற்கு எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. அதை இன்று சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேலை இவ்வளவுதான். அந்தக் குழுவில் வில்லனாக ஆடிய ஜப்பான்காரர் ஒருவர் இருந்தார். ஆட்டம் தொடங்குமுன் அவர் கோதா முழுக்க உப்பை வாரி இறைப்பார். ஜப்பான்காரன் என்றால் உப்பு எறிய வேண்டும் என்று முதலாளி முடிவு செய்திருந்தார். ஆட்டத்தின் நடுவில் அவர் அடிபட்டது போலச் சுருண்டு கிடப்பார். நடுவர் என்னை அழைப்பார். நான் பெட்டியோடு ஏறிப்போய் நாடி பார்த்து, கண்ணிமையைத் தூக்கிப் பார்த்து, இனி இவரால் ஏலாது என்று தலையை ஆட்டுவேன். எதிராளி வென்றதாக நினைத்துக் கையைத் தூக்குவான். அந்த நேரம் பார்த்து ஜப்பான்காரர் துள்ளி எழும்பி, வைத்தியம் பார்த்த என்னையே முதலில் விழுத்திவிட்டு, பிறகு அவன்மேல் பாய்வார். சனம் எழுந்து நின்று கத்தும். முடிவில் எதிராளிதான் வெல்வான். அநியாயம் செய்தவன் தோற்க வேண்டும் என்பதில் எந்த ஊர்ச் சனத்துக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. ஒரே டொக்டர் வாராவாரம் ஒரே மனிதரிடம் போய் அடி வாங்குகிறாரே, இவருக்குப் புத்தி வராதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

முதல்நாள் அடித்துவிட்டு, உடுப்பு மாற்றும் அறையில் என்னைக் கண்டதும் அவர் மூன்று தரம் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அடியில் நோவே இல்லை. உள்ளங்கையால் நெஞ்சில் ஒரு தட்டு, சத்தத்துக்குக் காலால் பலகையில் ஒரு உதை, அவ்வளவுதான். அவருக்கு முப்பத்தெட்டு வயது, என்னைவிட ஐந்து வயது மூப்பு. அதனால் எங்கள் வழக்கப்படி அண்ணை என்று கூப்பிட்டேன். அவருடைய மொழியில் அதுபோல ஒலிக்கும் சொல்லுக்கு அக்கா என்று பொருளாம். வயிறு குலுங்கச் சிரித்தார், ஆனால் கூப்பிட விட்டார். பதிலுக்கு என்னைச் சென்செய் என்றார். அவர்கள் ஆசிரியரையும் டொக்டரையும் மரியாதையாக அழைக்கும் சொல் அது. நான் போட்ட வேஷத்துக்காகக் கேலியாக அப்படி அழைத்தார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் வேறு வேறு இடங்களில் உடைந்தவை. அவர் சொன்னவற்றை இங்கே எனக்கு வாய்த்த தமிழில்தான் தருகிறேன். அவர் பருத்தித்துறையில் பிறந்தவர் போலத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொழிலில் ஒரு கடும் விதி இருந்தது. கோதாவில் எதிரியாக இருப்பவர்கள் வெளியிலும் எதிரிகளாகத்தான் காணப்பட வேண்டும். வில்லனும் அவனிடம் அடி வாங்கும் டொக்டரும் ஒரு மேசையில் கோப்பி குடிப்பதை யாராவது கண்டால் பிழைப்பில் மண். அதனால் நாங்கள் மச்சானின் லொறிக்குப் பின்னால், கழற்றிய கோதாப் பலகைகளுக்கு நடுவில் ஒளிந்திருந்து சாப்பிட்டோம். மனைவி கட்டித்தரும் புட்டையும் மீன் குழம்பையும் அண்ணை குச்சியால் சாப்பிட முயன்று, பிறகு கையால் சாப்பிடப் பழகினார். சனத்துக்கு முன் அவர் ஆங்கிலம் பேசவும் கூடாது. டோனட் கடையில் முகத்தைக் கடுகடுப்பாக வைத்துக்கொண்டு விரலால் சுட்டிக் காட்டித்தான் வாங்குவார். ஒருமுறை ஒரு சின்னப் பிள்ளை அவரைக் கண்டு பயந்து அழுதுவிட்டது. லொறிக்குள் வந்து, வாங்கின டோனட்டைத் தொடாமல் மச்சானிடம் கொடுத்துவிட்டார்.

401 நெடுஞ்சாலையில் போய் வந்த அந்த லொறிப் பயணங்களில்தான் அவர் தன் கதையைச் சொன்னார். ஜப்பானின் வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்து, பதினாறு வயதில் தலையை மொட்டையடித்துக்கொண்டு மல்யுத்தப் பயிற்சிக்கூடமொன்றில் சேர்ந்தாராம். முதல் வருடம் கோதாவில் கால் வைக்க விடமாட்டார்கள். குந்தி எழும்ப வேண்டும், நிலத்தில் வியர்வை தேங்கும் வரைக்கும். மூத்தவர்களின் உடுப்பைத் தோய்த்து, முதுகு தேய்த்துவிட்டு, எல்லோருக்கும் பெரிய பானையில் சமைக்க வேண்டும். பிறகு சில வருடங்கள் ஆட்டம் ஆடலாம், ஆனால் தோற்க மட்டுந்தான். அலங்காரம் இல்லாத கறுப்புக் காற்சட்டை, பாட்டு இல்லை, பட்டப்பெயர் இல்லை. அதையெல்லாம் தாங்கினவனைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டு வருடம் அந்நிய ஊரில் ஆடி, உடம்பும் பெயரும் மாறித் திரும்பி வருவான். அவன் திரும்பும் நாளில் ஒரு பெரிய ஆட்டம் வைப்பார்கள். மொட்டைத்தலைப் பையனாகப் போனவன் என்னவாக வந்திருக்கிறான் என்று பார்க்கச் சனம் திரளும். ஒரு மல்யுத்தக்காரனின் வாழ்க்கையே அந்த நாளில்தான் தொடங்குகிறது என்றார்.

அண்ணையை இருபத்திரண்டு வயதில் கனடாவுக்கு அனுப்பினார்கள். மேற்கே கோதுமை வயல் ஊர்களில் தொடங்கினார். இரண்டு வருடம் முடியுமுன் ஜப்பானில் அவருடைய நிறுவனம் இரண்டாகப் பிளந்தது. அனுப்பியவர் ஒரு பக்கம் போனார், ஒப்பந்தம் இன்னொரு பக்கம் போனது. வா என்று சொல்ல ஒருவரும் இல்லை. கூப்பிடாமல் போவது அவர்களுடைய முறையில் இல்லை. நான் என்றால் அடுத்த விமானத்தில் ஏறியிருப்பேன் என்று சொன்னேன். "கூப்பிடாமல் போனால் அது திரும்பிப் போறதில்லை, ஓடிப் போறது" என்றார். அப்படியே பதினாறு வருடம், கனடாவின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை உப்பு எறிந்து தோற்றுக்கொண்டே வந்திருக்கிறார். ஊரில் அவர் ஒருநாளும் வில்லனாக ஆடியதில்லையாம். கடைசியில், பயிற்சிக்கூடத்தில் அவரோடு பானை கழுவிய இளையவர் ஒருவர் சொந்தமாகச் சின்னக் குழு தொடங்கி, போன் எடுத்துக் கூப்பிட்டார். திரும்பும் ஆட்டத்தை அண்ணையின் ஊர் ஜிம்மிலேயே வைப்பதென்று பேச்சு. அவருடைய அம்மா முன்வரிசையில் இருப்பார். அந்த மனுசி மகன் தோற்றதை மட்டும்தான் பார்த்திருக்கிறார். அண்ணை நீலநிறக் காற்சட்டை தைப்பித்து, அதைக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தார். உப்பு இல்லாமல், ஏமாற்று இல்லாமல், நேர்மையாக ஒரு ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும் என்பதைத் தவிர அவர் அந்த மாதங்களில் வேறொன்றும் பேசவில்லை.

எனக்கும் அதே காலத்தில்தான் நேர்முகக் கடிதம் வந்தது. மனைவி கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து, "இனி உந்தக் கோட்டைப் போடாதேங்கோ. லைசென்ஸ் இல்லாமல் டொக்டர் எண்டு திரியிறார் எண்டு ஆரும் ஒரு சொல்லுச் சொன்னால் எல்லாம் போச்சு" என்றாள். அவள் சொன்னது சரி. நாடகம்தான் என்றாலும், விசாரிக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசத்தை யார் விளங்கப்படுத்துவது? அண்ணையின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிறு மத்தியானம் அஜக்ஸ் பக்கத்து மண்டபமொன்றில் இருந்தது. அதோடு நானும் நிறுத்துகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அதற்கு முன் நடந்த ஒன்றை மறைக்கக்கூடாது. சில மாதங்களாக அண்ணை இடது கையை உதறி உதறி விடுவார். ஆட்டம் முடிந்தால் விரல்களுக்குள் எறும்பு ஊருகிறது என்பார். கழுத்து எலும்புக்குள் நரம்பு நெருக்குப்படுகிறது என்று எனக்கு அன்றே சந்தேகம். லொறிக்குள் வைத்து, அவருடைய கழுத்தைத் திருப்பச் சொல்லிப் பார்த்தேன். உடனே படம் எடுத்துப் பார்க்க வேண்டும், அதுவரை ஆடக்கூடாது என்று சொன்னேன். அவர் என்னை வியப்போடு பார்த்துவிட்டு, "சென்செய், உமக்கு வேஷம் நல்லாய் ஒட்டிப்போச்சு" என்று கையைத் தட்டினார். நான் உண்மையான டொக்டர் என்று அந்த இடத்தில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது சொல்வதா என்று ஒரு கூச்சம். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

கோதாவில் அவர்களுக்குள் ஒரு கைப்பாஷை உண்டு. பிடியில் கிடக்கும்போது ஒருவர் மற்றவரின் கையை மெல்ல அழுத்துவார். சுகமோ என்று அர்த்தம். திருப்பி அழுத்தினால் சுகம், தொடரலாம். பதில் வராவிட்டால் ஆட்டம் அதோடு நிற்க வேண்டும். அதற்கு மேல் சாட்டு ஒன்றும் இல்லை. டொக்டராக நடிக்கும் எனக்கும் அதைச் சொல்லித் தந்திருந்தார்கள். நாடி பார்ப்பது போல அண்ணையின் இடது கையைப் பிடித்து அழுத்துவேன், அவர் அழுத்துவார், பிறகு நான் தலையாட்டுவேன். பதில் இல்லையென்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடிக்க வேண்டும். அதைக் கண்டால் நடுவர் மணியை அடிப்பார். அந்தச் சைகையை நான் ஒருநாளும் பாவிக்க நேரவில்லை.

அந்த ஞாயிறு அண்ணை உற்சாகமாக இருந்தார். கனடாவில் எறியும் கடைசி உப்பு என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வாரி இறைத்தார். எதிராளி இருபது வயதுப் பையன், நல்லவன், அண்ணையிடம் மரியாதை உள்ளவன். அவன் அண்ணையைத் தலைகீழாகத் தூக்கியபோது, அந்த உப்பில் அவனுடைய கால் வழுக்கியது. இருவருமாக விழுந்தார்கள். அண்ணையின் தலை முதலில் தரையில் பட்டது. ஆட்டத்தின் ஒழுங்குப்படி அண்ணை அடிபட்டுக் கிடக்க வேண்டிய நேரமும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் சனம் கத்தியது, நடுவர் வழக்கம்போல என்னை அழைத்தார், பையனும் வழக்கம்போலக் கையைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனான். விழுந்த விதம் பிழை என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஏறிப்போய் முழங்காலில் இருந்து இடது கையைப் பிடித்தேன். அழுத்தினேன். பதில் இல்லை. இன்னொரு தரம் அழுத்தினேன். விரல்கள் என் உள்ளங்கையில் கிடந்தன, மூடவில்லை. ஊரில் தென்னையிலிருந்து விழுந்த ஒருவரை வாட்டுக்குக் கொண்டுவந்தபோது அவருடைய விரல்கள் இப்படித்தான் கிடந்தன. தூக்க வேண்டாம், அசைக்க வேண்டாம் என்று நான் கத்தக் கத்த, அவருடைய தமையன் பாசத்தில் அவரைத் தூக்கி நிமிர்த்தினான். அதற்குப் பிறகு அந்த மனிதர் நடக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் வேறு எவருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும். அண்ணை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, வாய் அசையாமல், "முடிப்பம்" என்றார்.

கையைத் தலைக்கு மேல் தூக்கியிருக்க வேண்டும். தூக்கினால் மணி அடிக்கும், அம்புலன்ஸ் வரும். வந்தவர்கள், யார் பார்த்தது என்று கேட்பார்கள். வெள்ளைக் கோட்டோடும் ஸ்டெதஸ்கோப்போடும், லைசென்ஸ் இல்லாத ஒருவன் அங்கே நிற்பான். பெயர் எழுதுவார்கள். நேர்முகம் வருகிற வாரம். ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் இவ்வளவும் எனக்குள் ஓடியது. நினைவு மங்கிவிட்டது, சரியாகத் தெரியாது என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒன்றும் மங்கவில்லை.

நான் எழும்பி, அவரைச் சுற்றி மற்றப் பக்கம் போய், வலது கையைப் பிடித்தேன்.

வலது கை இறுக்கமாக அழுத்தியது. அழுத்தும் என்று தெரிந்துதான் அதைப் பிடித்தேன். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு நடுவரைப் பார்த்து வழக்கம்போலத் தலையாட்டினேன். அண்ணை எழும்பினார். எப்படி எழும்பினார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. வலது கையால் என் நெஞ்சில் தட்டினார், நான் விழுந்தேன். மயங்கியவன் போலக் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பது என் பங்கு. அப்படியே கிடந்தேன். பையன் ஓடி வருவது பலகையில் கேட்டது. அவன் அண்ணையைத் தூக்கி முதுகுப்புறமாகப் போடுவதுதான் ஆட்டத்தின் முடிவு. போட்ட சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. நடுவர் மூன்று எண்ணினார், சனம் சந்தோஷத்தில் எழுந்து நின்றது. நான் கண்ணைத் திறந்தபோது அண்ணை எழும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் வந்து, விழுந்ததுக்கும் கடைசி அடிக்கும் இடையில் யாராவது இவரைப் பார்த்தார்களா என்று கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார். நீங்கள் டொக்டரா என்று அவர் கேட்டார். கோட்டின் மேலே குளிர்ச் சட்டையைப் போட்டுப் பூட்டியிருந்தேன். இல்லை, அது நாடகம், நான் வேர்ஹவுசில் வேலை செய்கிறவன் என்று சொன்னேன். கழுத்தில் பட்டி போட்டு, அண்ணை அருகில்தான் படுத்திருந்தார். அவருக்கும் அது கேட்டிருக்கும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கோட்டை வாங்கி மடித்துக் குப்பைப் பையில் போட்டாள். அடுத்த கிழமை நேர்முகத்துக்குப் போனேன். இந்த நாட்டில் ஏன் வைத்தியம் செய்ய விரும்புகிறாய் என்று கேட்டார்கள். நன்றாகப் பதில் சொன்னேன் போலும். இடம் கிடைத்தது.

அண்ணை கழுத்தில் சத்திரசிகிச்சையோடு பிழைத்தார். கால் மெதுவாக வந்தது, பொல்லு ஊன்றி நடக்குமளவுக்கு. இடது கை வரவில்லை. அந்த இரண்டாவது விழுகை இல்லாமல் இருந்திருந்தால் கை வந்திருக்குமா என்று என்னிடம் கேட்டால், டொக்டராக நான் சொல்லக்கூடியது வந்திருக்கலாம் என்பதுதான். நிச்சயமாகச் சொல்ல ஏலாது. அந்த நிச்சயமின்மைக்குள் ஒளிந்துகொள்ள நான் பல வருடம் முயன்றிருக்கிறேன். அது அவ்வளவு பெரிய மறைப்பு இல்லை. ஆஸ்பத்திரிக்கு நான் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று போய், கட்டிலருகில் இருந்து, இடது கையைப் பிடித்த இடத்திலிருந்து தொடங்கினேன். அழுத்தினேன், பதில் வரவில்லை என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் நல்ல கையை என் வாய்க்கு முன்னால் நீட்டி நிறுத்தினார்.

"நீர் டொக்டர் இல்லைத்தானே, சென்செய். உமக்கு எப்பிடித் தெரியும்? முடிப்பம் எண்டு சொன்னது நான். உண்மையான டொக்டர் எண்டால் நான் அவரிலை கோவிப்பன். உம்மிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை."

அவர் அப்படி மன்னித்த பிறகு, அந்த மன்னிப்பு எனக்கு உரியதல்ல என்று எப்படிச் சொல்வது? சொல்லலாம். இரண்டு சொல்லில் சொல்லலாம். நான் சொன்ன சொல் வேறு. "ஓம், எனக்குத் தெரியாது" என்றேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். நானும் நிம்மதியாகத்தான் பஸ்சில் வீட்டுக்கு வந்தேன். அந்த நிம்மதியை நினைக்கத்தான் இப்போது எனக்கு ஆகப் பெரிய வெட்கம்.

அடுத்த வசந்தத்தில் அண்ணை ஊருக்குப் போனார். கூப்பிட்ட இளையவர் சொன்ன சொல் மாறவில்லை. ஊர் ஜிம்மில் கோதா போட்டு அவருக்காக ஒரு மாலையை ஒதுக்கினார். ஆட்டத்துக்காக அல்ல. ஓய்வு பெறும் மல்யுத்தக்காரரைக் கோதாவின் நடுவில் நிறுத்திப் பத்துத் தரம் மணி அடிப்பது அவர்களுடைய வழக்கமாம். அதன் படம் ஒன்றை அனுப்பினார். கோட்டும் டையும் அணிந்து நிற்கிறார். வலது கையில் பூங்கொத்து, இடது கை சும்மா தொங்குகிறது. முன்வரிசையில் ஒரு வயதான மனுசி, படம் எடுக்கிறவரைப் பார்க்காமல் மகனை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீலக் காற்சட்டையைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது அஜின்கோர்ட்டில் எனக்குக் கிளினிக் இருக்கிறது. எங்கள் ஆட்கள்தான் அரைவாசிக்கு மேல். நல்ல டொக்டர், ஆறுதலாகக் கேட்பார், கையைப் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போது சந்தோஷப்படாமல் இருக்க முடிவதில்லை. சந்தோஷப்பட்டவுடன் அண்ணை வந்து நிற்பார். அவர் தமக்கையோடு சேர்ந்து அந்தத் துறைமுக ஊரில் மத்தியானச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். ஒவ்வொரு புதுவருடத்துக்கும் ஒரு வாழ்த்து அட்டை வரும், வலது கையால் பெரிய எழுத்தில் எழுதி. சுகம், மழை, மீன் விலை, அம்மாவின் முழங்கால். அதற்கு மேல் இராது. நானும் சுகம், பனி, பிள்ளைகள் என்று பதில் போடுவேன்.

ஒரு வருடம் அட்டைக்குப் பதிலாகக் கடிதம் வந்தது. பழைய முதலாளி போன் பேசும்போது நான் டொக்டராகிவிட்ட செய்தியைச் சொல்லியிருக்கிறார். அண்ணைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வயதில், வேர்ஹவுஸ் வேலையை விட்டு, முதல் வகுப்பிலிருந்து படித்திருக்கிறீரே என்று வியந்திருந்தார். என்னைப் பார்த்த பிறகுதானே படிக்க முடிவெடுத்தீர், எனக்குத் தெரியும், அன்று கட்டிலருகில் நீர் அழுதீர் என்று எழுதி, கீழே இப்படித் தொடர்ந்திருந்தார்: அப்படியென்றால் என் கழுத்து வீணாய்ப் போகவில்லை. கனடாவில் பதினாறு வருடம் என்ன செய்தாய் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், அங்கே ஒரு டொக்டரை உருவாக்கிவிட்டு வந்தேன் என்று இப்போது சொல்கிறேன். அம்மாவுக்கும் சொன்னேன். அம்மா மிகவும் சந்தோஷப்பட்டார்.

கடிதத்தை மனைவி இரண்டு தரம் வாசித்தாள். "எழுதுறதெண்டால் முழுக்க எழுதுங்கோ. ஏலாதெண்டால் நன்றி எண்டு மட்டும் எழுதுங்கோ. நடுவிலை ஒண்டும் வேண்டாம்" என்றாள். முழுக்க எழுத மூன்று தரம் தொடங்கினேன். அவரிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு நம்பிக்கைதான், அதையும் பிடுங்குவதா என்று ஒவ்வொரு முறையும் நிறுத்தினேன். அது அவர்மேல் உள்ள இரக்கமா, வலது கையைப் பிடிக்கப் போன அதே ஆளின் பயமா என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் நன்றி என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அவருக்கு இப்போது எழுபதை நெருங்கும் வயது. இன்னும் கடைக்குப் போகிறார், இன்னும் எல்லோருக்கும் சொல்கிறார். சொல்ல வேண்டிய முழுவதையும் முதன்முறையாக இங்கேதான் எழுதியிருக்கிறேன், அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்.